தூரத்து ஸ்டேஷன் பிடித்த ராத்திரிகள்

ரேடியோ வந்த புதிதில் அமெரிக்க நேயர் ஒருவரைப் பிடித்து, "நேற்று ராத்திரி என்ன கேட்டீர்கள்?" என்று விசாரித்திருந்தால், பாட்டைப் பற்றியோ பாடியவரைப் பற்றியோ அவர் அதிகம் சொல்லியிருக்க மாட்டார். "அட்லாண்டா வந்தது, ஃபோர்ட் வொர்த் வந்தது, பன்னிரண்டு மணிக்கு மேல் ஓக்லண்ட் மாதிரி ஒன்று கேட்டது, பெயர் சொல்வதற்குள் மங்கிவிட்டது" என்று ஊர்ப் பட்டியல்தான் வாசித்திருப்பார். ஏறத்தாழ 1922இலிருந்து 1926 வரை அந்த நாட்டில் மாலை நேரத்து ரேடியோ என்றால், எவ்வளவு தொலைவில் இருக்கும் ஸ்டேஷன் நம் பெட்டியில் விழுகிறது என்கிற போட்டிதான்.

இதைப் பழைய காலத்துக் கிறுக்கு என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். முதலில் தூரத்துக்கு ஆசைப்பட்டார்களாம், நல்ல நிகழ்ச்சிகள் வந்ததும் திருந்திவிட்டார்களாம். எனக்கு இந்தக் கதை சரியாகப் படவில்லை. நேயர்கள் தூரத்து ஸ்டேஷனைத் தேடிய அதே ஆசையோடு ஸ்டேஷன்காரர்களும் தூரத்து நேயரைத் தேடினார்கள். அவர்களுக்குப் படியளந்தது யார் என்று பார்த்தால் விஷயம் விளங்கும். அதற்கு முன் அந்த மாலைப் பொழுது எப்படிப் போனது என்று பார்த்துவிடலாம்.

1924 ஜனவரி, ஒஹையோ மாநிலத்தில் ஒரு சிற்றூர் என்று வைத்துக்கொள்வோம். வரவேற்பறை மேஜையில் சவப்பெட்டி மாதிரி நீளமான ஒரு மரப்பெட்டி. முகப்பில் கறுப்புப் பலகை, அதில் மூன்று பெரிய திருகு டயல்கள். ஒவ்வொன்றிலும் 0 முதல் 100 வரை எண்கள். எந்த எண்ணில் எந்த ஸ்டேஷன் என்று பெட்டியில் எங்கும் எழுதியிருக்காது. பெட்டிக்குள் ஐந்து வால்வுகள், அதாவது வரும் அலையைப் பெருக்கும், பல்பு மாதிரியான கண்ணாடிக் குழல்கள். கூரையிலிருந்து தோட்டத்து மரம் வரை நூறடி நீளத்துக்குச் செப்புக் கம்பி இழுத்துக் கட்டியிருப்பார்கள், அது ஏரியல். இன்னொரு கம்பி ஜன்னல் வழியாகப் போய்த் தண்ணீர்க் குழாயில் கவ்வியிருக்கும், அது எர்த்.

மின்சாரம் சுவரிலிருந்து வராது. மேஜைக்குக் கீழே ஒரு கார் பேட்டரி இருக்கும், வால்வுகளின் இழையைச் சூடாக்க. அப்போது பரவலாக இருந்த 201-ஏ வால்வு ஒன்றுக்கு 5 வோல்ட், கால் ஆம்பியர் வேண்டும். ஐந்து வால்வுக்கும் சேர்த்து ஒன்றேகால் ஆம்பியர். தினமும் மூன்று மணி நேரம் கேட்டால் சில வாரத்துக்கு ஒருமுறை அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு போய்ச் சார்ஜ் ஏற்றி வர வேண்டும். அதிலிருந்து அமிலம் கசிந்து கம்பளத்தில் ஓட்டை போடுவது அந்தக் கால வீடுகளில் அன்றாடச் சண்டை. இது போக, 90 வோல்ட் கொடுப்பதற்கு வரிசையாக அடுக்கிய உலர் பேட்டரிகள். சில மாதத்தில் செத்துப்போகும். கம்பியை மாற்றி, அந்த 90 வோல்ட்டை இழைக்குக் கொடுத்துவிட்டால் ஐந்து வால்வும் ஒரே நொடியில் போய்விடும். 1922இல் ஒரு வால்வின் விலை 5 டாலர், 6.50 டாலர் என்று இருந்தது.

பெட்டி விலையையும் சொல்லிவிட வேண்டும். 1923இல் சந்தைக்கு வந்த நியூட்ரோடைன் வகையில் பெயர் பெற்ற ஒரு கம்பெனியின் ஐந்து வால்வுப் பெட்டி 150 டாலர். வால்வு, பேட்டரி, ஒலிபெருக்கி எல்லாம் தனி. அதே சமயத்தில் ஃபோர்டு மாடல் டி கார் 300 டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது. அதாவது, வீட்டில் ஒரு நல்ல ரேடியோவை முழுதாக நிறுவ ஏறக்குறைய ஒரு காருக்கு ஆகும் செலவில் பாதிக்கு மேல் ஆகும்.

காசில்லாதவர்களுக்கு வேறு வழி இருந்தது. கலீனா என்ற ஈயக் கனிமத் துண்டு, அதன்மேல் தொட்டு நிற்கும் மெல்லிய கம்பி முள், ஒரு கம்பிச் சுருள், ஹெட்போன். பேட்டரியே வேண்டாம், காற்றில் வரும் அலையின் சக்தியே காதில் ஒலியாகும். 1922இல் அமெரிக்க அரசின் தர நிர்ணயத் துறையே இப்படி ஒரு பெட்டியை வீட்டில் செய்வது எப்படி என்று சின்னப் புத்தகம் வெளியிட்டது. செலவு பத்து டாலருக்குள் அடங்கும். ஓட்ஸ் வரும் உருளை அட்டை டப்பாவில் கம்பியைச் சுற்றிப் பையன்கள் ஆயிரக்கணக்கில் செய்தார்கள். ஆனால் இதில் உள்ளூர் ஸ்டேஷன்தான் கேட்கும், இருபது இருபத்தைந்து மைலுக்குள். தூரம் பிடிக்க வால்வு வேண்டும். சரி, நம் ஒஹையோ வீட்டுக்கு வருவோம்.

மாலை ஆறு மணிக்கு மேல் வருவதெல்லாம் பக்கத்து ஸ்டேஷன்கள். கோதுமை விலை, பன்றி விலை, வானிலை. பிறகு குழந்தைகளுக்குத் தூங்கப் போகும் நேரத்துக் கதை. ஏதாவது ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வாத்தியக் குழு. பல் பராமரிப்பு பற்றியோ தேனீ வளர்ப்பு பற்றியோ ஒரு பேச்சு. உள்ளூர்ச் சங்கீத ஆசிரியையின் பாட்டு. பாடுபவர்களுக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. பெயர் வெளியே தெரியும் என்பதுதான் கூலி. கார்பன் மைக்கின் இரைச்சல் பாட்டுக்குப் பின்னால் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். எதிரொலி வராமல் இருக்க ஸ்டூடியோ முழுக்கத் துணி தொங்கவிட்டிருப்பார்கள். பிட்ஸ்பர்க்கின் கே.டி.கே.ஏ. ஸ்டேஷன் தொழிற்சாலைக் கட்டட மொட்டைமாடியில் கூடாரம் போட்டு அதற்குள்ளிருந்தே கொஞ்ச காலம் ஒலிபரப்பியது. கூடாரத் துணி எதிரொலியை நன்றாக அடக்கியது. காற்றடித்துக் கூடாரம் விழும் வரை.

இந்த நிகழ்ச்சிகளை உட்கார்ந்து ரசித்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் எல்லா ஊரிலும் இதே சரக்குதான். சிகாகோ ஓட்டலின் வாத்தியக் குழுவும் டெட்ராய்ட் ஓட்டலின் வாத்தியக் குழுவும் அதே நாட்டியப் பாட்டுகளைத்தான் வாசித்தன. வித்தியாசம் எங்கே இருந்தது என்றால், அது எந்த ஊரிலிருந்து வருகிறது என்பதில் இருந்தது.

எட்டு மணிக்கு மேல் குழந்தைகள் படுத்த பிறகு வேட்டை தொடங்கும். ராத்திரிதான் வேண்டும், அதிலும் குளிர்காலத்து ராத்திரி. மீடியம் வேவ் கேட்டு வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். பகலில் ஒன்றிரண்டு ஸ்டேஷன் மட்டும் கிடைக்கும் இடத்தில், இருட்டியதும் எங்கெங்கிருந்தோ புரியாத பாஷையெல்லாம் வந்து விழும். பகலில் வெயில் பட்டு, வானத்தில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் மின்னேற்றம் பெற்ற ஓர் அடுக்கு உருவாகிறது. மீடியம் வேவ் அலைகளை அது விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அது கலைந்துபோகிறது. அப்போது அலைகள் அதற்கும் மேலே உள்ள அடுக்கு வரை போய், அங்கே பட்டுத் திரும்பி, ஆயிரம் மைல் தள்ளித் தரையில் இறங்குகின்றன. குளிர்காலத்தில் இரவு நீளம், இடி மின்னலின் கரகரப்பும் குறைவு.

நம் ஒஹையோக்காரருக்கு இந்தக் காரணம் எதுவும் உறுதியாகத் தெரியாது. வானத்தில் அப்படி ஓர் அடுக்கு இருக்க வேண்டும் என்று 1902இலேயே கென்னலியும் ஹெவிசைடும் ஊகித்திருந்தார்கள். நேரடியான சான்று 1924 டிசம்பரில்தான் வந்தது. இங்கிலாந்தின் போர்ன்மத் நகரத்து பி.பி.சி. ஒலிபரப்பியையே கருவியாக வைத்து எட்வர்ட் ஆப்பிள்டன் அதை நிறுவினார், 1947இல் நோபல் பரிசும் பெற்றார். ஆக, விஞ்ஞானிகள் சோதனைச்சாலையில் தேடிக்கொண்டிருந்ததை லட்சக்கணக்கான வீடுகளில் ஒவ்வொரு ராத்திரியும் காதால் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டேஷன் தேடுவதற்கு ஒரு முறை இருந்தது. மூன்று டயலையும் ஒரே நேரத்தில் பொருத்த வேண்டும். ஒன்று பிசகினாலும் ஒன்றும் கேட்காது. அதனால் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம். அட்லாண்டாவின் டபிள்யூ.எஸ்.பி. ஸ்டேஷனின் அலைநீளம் 429 மீட்டர், அது என் பெட்டியில் 61, 59, 60இல் விழுகிறது. ஃபோர்ட் வொர்த்தின் டபிள்யூ.பி.ஏ.பி. 476 மீட்டர், அது 71, 69, 70இல். அப்படியானால் லாஸ் ஏஞ்சலிஸின் கே.எஃப்.ஐ. 469 மீட்டர் என்று பத்திரிகையில் போட்டிருக்கிறதே, அது 69, 67, 68 பக்கத்தில்தான் இருக்க வேண்டும். இப்படிக் கணக்குப் போட்டு, கையை அங்கே வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கிக் காத்திருப்பார்கள். (எண்கள் உதாரணத்துக்கு. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வொரு கணக்கு.) நல்ல நேயர் என்று பெயர் வாங்கியவர்களின் நோட்டில் இருந்தது பாட்டுப் பட்டியல் இல்லை, இந்த எண்கள்தான்.

அதற்கு ஓராண்டு முன்பு வரை இதுவும் முடியாது. 1921 டிசம்பரில் போட்ட விதிப்படி பொழுதுபோக்கு ஒலிபரப்பு எல்லாமே 360 மீட்டர் என்ற ஒரே அலைநீளத்தில்தான். வானிலைக்கும் சந்தை விலைக்கும் 485. 1922 முடிவில் ஸ்டேஷன்களின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியும் ஏறக்குறைய இதே ஏற்பாடு தொடர்ந்தது. ஒரே ஊரில் உள்ளவர்கள், நீ ஏழு முதல் எட்டு, நான் எட்டு முதல் ஒன்பது என்று பிரித்துக்கொண்டார்கள். பிரித்துக்கொள்ள மனமில்லாதவர்கள் அடுத்தவர் ஒலிபரப்பின் மேலேயே ஏறி ஒலிபரப்பினார்கள். 1923 மே மாதத்தில்தான் வணிகத் துறை ஆளுக்கொரு இடத்தைப் பிரித்துக் கொடுத்தது. வேட்டைக்கு வரைபடம் கிடைத்தது அப்போதுதான்.

பெயர் தெரிந்துகொள்வதுதான் பெரும் பாடு. வானத்தில் பட்டு வெவ்வேறு வழியாக வரும் அலைகள் ஒன்றையொன்று கூட்டியும் கெடுத்தும் விளையாடும். ஒலி ஏறும், இறங்கும், காணாமல் போகும். ஒரு பெண்மணி ஐந்து நிமிடம் தெளிவாகப் பாடிவிட்டு, அறிவிப்பாளர் வாயைத் திறக்கும் நொடியில் மங்கிப்போவது அத்தனை பேருக்கும் நடந்த ஒன்று. இதற்கென்றே சில ஸ்டேஷன்கள் அடையாள ஒலி வைத்துக்கொண்டன. அட்லாண்டா மணித்தகட்டில் மூன்று சுரம் தட்டியது. ஃபோர்ட் வொர்த்தில் மாட்டு மணியை ஆட்டினார்கள். கரகரப்புக்கு நடுவே அரைகுறையாக ஒரு மாட்டு மணி கேட்டால் போதும், டெக்சாஸ் வந்துவிட்டது. இத்தனைக்கும் சில இடங்களில் அறிவிப்பாளர் தன் பெயரையே சொல்லக் கூடாது, முதலெழுத்துகளை மட்டும் சொல்லலாம். ஊர் பெயர்தான் முக்கியம்.

நடுநிசிக்குப் பக்கத்தில் கான்சாஸ் சிட்டி. அந்த ஊரின் 'ஸ்டார்' பத்திரிகை நடத்திய டபிள்யூ.டி.ஏ.எஃப்., ஓட்டல் ஒன்றில் வாசித்த கூன் - சாண்டர்ஸ் குழுவை 11:45 மணிக்கு மேல் ஒலிபரப்பியது. இந்நேரத்துக்கு விழித்திருந்து கேட்பவர் ராக்குருவியாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரோ மைக்கில் சொல்லிவைக்க, அதுவே நிகழ்ச்சிக்குப் பெயராகிவிட்டது. கேட்டவர்கள் தந்தி அடித்தார்கள். தந்தி வந்த ஊர்களையும் அனுப்பியவர்களையும் அப்போதே வாசித்தார்கள். தன் பெயர் எங்கோ ஓர் ஊரிலிருந்து தன் காதுக்கே திரும்பி வருவதைக் கேட்க மக்கள் தந்திக்குக் காசு செலவழித்தார்கள். நேயர் விருப்பத்தில் தன் பெயர் வருமா என்று காத்திருந்த தலைமுறையிடம் இதை விளக்க வேண்டியதில்லை.

இதில் உள்ளூர் ஸ்டேஷன்தான் இடைஞ்சல். பக்கத்திலேயே ஒருவர் உரக்கக் கத்திக்கொண்டிருந்தால் தூரத்துக் குரல் எப்படிக் கேட்கும்? அந்தக் காலத்துப் பெட்டிகளுக்கு இரண்டையும் பிரிக்கும் திறன் குறைவு. இதற்கு ஒரு தீர்வு கண்டார்கள், இன்று நினைத்தால் நம்ப முடியாத தீர்வு. சிகாகோவில் திங்கட்கிழமை ராத்திரி உள்ளூர் ஸ்டேஷன்கள் ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டன, ஊர்க்காரர்கள் வெளியூர் ஸ்டேஷன்களைப் பிடிக்க வசதியாக. வேறு பல நகரங்களும் வாரத்தில் ஓர் இரவை அப்படி விட்டன. தன் கடையை வாரம் ஒருநாள் அடைத்து, 'இன்று வேறு கடைக்குப் போங்கள்' என்று வாடிக்கையாளரை அனுப்பிவைக்கும் வியாபாரி உண்டா? ஸ்டேஷன்காரர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள்?

ஏனென்றால் அவர்கள் விற்றது நிகழ்ச்சியை அல்ல. கே.டி.கே.ஏ. 1920 நவம்பர் 2 அன்று அதிபர் தேர்தல் முடிவுகளைச் சொல்லித் தொடங்கியபோது, அதன் முதலாளி வெஸ்டிங்ஹவுஸ் விற்க நினைத்தது ரேடியோப் பெட்டியை. அட்லாண்டாவிலும் ஃபோர்ட் வொர்த்திலும் கான்சாஸ் சிட்டியிலும் பின்னால் இருந்தவை தினப்பத்திரிகைகள். அவர்களுக்கு வேண்டியது தங்கள் ஊரும் பத்திரிகையும் நாடெங்கும் அடிபட வேண்டும் என்பது. அயோவா மாநிலத்து டேவன்போர்ட்டில் டபிள்யூ.ஓ.சி.யை நடத்தியது முதுகெலும்பைத் தட்டிச் சிகிச்சை செய்யும் ஒரு கல்லூரி, அதற்கு மாணவர்கள் வேண்டும். ஹவானாவில் பி.டபிள்யூ.எக்ஸ்.ஸை நடத்தியது தொலைபேசிக் கம்பெனி. ஓட்டல்கள், துணிக்கடைகள், தேவாலயங்கள், பெட்டி செய்பவர்கள் என்று ஆளாளுக்கு ஒரு நோக்கம். யாருக்கும் நேயரிடமிருந்து நேராகக் காசு வரவில்லை. இங்கிலாந்தில் ஆண்டுக்கு 10 ஷில்லிங் உரிமக் கட்டணம் வாங்கினார்கள். அமெரிக்காவில் அதுவும் இல்லை.

அப்படியானால், செலவழித்தது வீண் போகவில்லை என்று முதலாளிக்கு எதைக் காட்டுவது? கடிதத்தைத்தான் காட்ட வேண்டும். 'நேற்று இரவு 10:20க்கு உங்கள் ஸ்டேஷன் கேட்டது, வயலின் வாசித்தார்கள், நன்றாக இருந்தது' என்று கனடாவிலிருந்து ஓர் அட்டை வந்தால், அதைச் சுவரில் தேச வரைபடத்தில் குண்டூசி குத்திக் காட்டலாம். பக்கத்துத் தெருக்காரர் எழுதியதற்கு அந்த மதிப்பு இல்லை. 'கைத்தட்டல் அட்டை' என்று அச்சடித்த அஞ்சலட்டைகளே கடையில் விற்றன. 1924இல் சிகாகோவின் எக்கோ கம்பெனி இதையும் வியாபாரமாக்கியது. கேட்டதற்கு ஆதாரத்தோடு பத்து சென்ட் வைத்து ஸ்டேஷனுக்கு எழுதினால், அந்த ஸ்டேஷனின் எழுத்துகள் பொறித்த தபால்தலை மாதிரி ஒன்று வரும், ஆல்பத்தில் ஒட்டிக்கொள்ளலாம். இதை அச்சடித்தது நிஜத் தபால்தலை அச்சடிக்கும் நிறுவனம்தான். பிற்காலத்தில் சிற்றலை நேயர்கள் சேர்த்த, கேட்டதை உறுதிசெய்து ஸ்டேஷன் அனுப்பும் கியூ.எஸ்.எல். அட்டைகளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று சொல்லலாம்.

ஆக, தூரம் இரண்டு பக்கமும் விலைபோன சரக்கு. அது ஒருதலைப் பைத்தியம் அல்ல.

ஆனால் அந்த வேட்டைக்கு ஓர் அசிங்கமான பக்கமும் உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நியூட்ரோடைன் வாங்க முடியாதவர்கள் வைத்திருந்தது பெரும்பாலும் ஒன்றிரண்டு வால்வுள்ள 'ரீஜெனரேடிவ்' பெட்டி. 1914இல் எட்வின் ஆம்ஸ்ட்ராங் காப்புரிமை பெற்ற உத்தி அது. வால்வு பெருக்கிய அலையில் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்து மறுபடி வால்வின் வாசலிலேயே ஊட்டுவது. ஒரே வால்வு பல வால்வின் வேலையைச் செய்யும். ஊட்டுவதைக் கூட்டக் கூட்டத் தூரம் கூடும். ஓர் எல்லையைத் தாண்டினால் பெட்டி தானே ஊளையிடத் தொடங்கும். அதாவது, ரேடியோப் பெட்டி அந்தக் கணத்தில் குட்டி ஒலிபரப்பியாகி, கூரைமேல் உள்ள ஏரியல் வழியாகத் தன் அலையை ஊருக்கெல்லாம் அனுப்பும்.

கொடுமை என்னவென்றால், தூரத்து ஸ்டேஷனைக் கண்டுபிடிக்க அந்த ஊளைதான் சிறந்த வழி. பெட்டியை ஊளையிட வைத்து டயலை மெல்லத் திருகினால், ஸ்டேஷன் இருக்கும் இடத்தில் 'வீ...' என்று ஒரு விசில் உச்சத்திலிருந்து இறங்கி, அடித்தொண்டைக்குப் போய், மறைந்து, மறுபடி ஏறும். அந்த மறையும் புள்ளியில் கையை நிறுத்தி, ஊட்டுவதைக் குறைத்தால் பாட்டு கேட்கும். அதற்குள் அதே ஸ்டேஷனைக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாருடைய காதிலும் அந்த விசில் போய்ப் பாய்ந்திருக்கும். அவர்களும் தங்கள் பெட்டியைத் திருகுவார்கள். ஒரே கிணற்றில் தெருவே வாளியை விட்டுக் கலக்கிய மாதிரி ஆகிவிடும். யார் வீட்டுப் பெட்டி என்று கண்டுபிடிக்கத் தெருத்தெருவாக அலைந்தவர்கள் உண்டு. இங்கிலாந்தில் பி.பி.சி. இதற்காக நேயர்களிடம் கெஞ்சியும் திட்டியும் பார்த்தது. நியூட்ரோடைன் அத்தனை வேகமாக விற்றதற்கு ஒரு காரணம், லூயிஸ் ஹேஸல்டைன் வடிவமைத்த அந்தச் சுற்று ஊளையிடாது.

இதன் உச்சம் 1926 ஜனவரி. அட்லாண்டிக் கடலின் இரு கரையிலும் ஒரு வாரம், ராத்திரி ஒரு மணி நேரம் அமெரிக்க ஸ்டேஷன்கள் வாயை மூடிக்கொண்டு ஐரோப்பாவைக் கேட்பது, பிறகு ஐரோப்பா வாயை மூடிக்கொண்டு அமெரிக்காவைக் கேட்பது என்று ஏற்பாடு. சிகாகோவின் திங்கட்கிழமை இரவை இரண்டு கண்டத்துக்கு விரித்த மாதிரி. நாடே மேஜை முன் உட்கார்ந்தது. கேட்டது பெரும்பாலும் ஒருவர் பெட்டியின் ஊளை இன்னொருவருக்கு. ஸ்டேஷன்கள் எல்லாம் நின்ற பிறகு ஊளைகள் மட்டுமே காற்றில் மிச்சம் இருந்தன.

பிறகு எல்லாம் வேகமாக மாறியது. அதே 1926 ஏப்ரலில், அலைநீளத்தைக் கட்டுப்படுத்த வணிக அமைச்சருக்கு அதிகாரம் இல்லை என்று ஸெனித் கம்பெனி வழக்கில் தீர்ப்பு வந்தது. நினைத்தவர் நினைத்த இடத்தில் ஏறினார்கள். இரண்டு ஸ்டேஷன்கள் நெருங்கி நின்றால் நடுவில் ஓயாத விசில். நோட்டுப் புத்தகத்தில் எழுதிய எண்களுக்குப் பொருள் இல்லாமல் போனது. 1927 பிப்ரவரியில் ரேடியோ சட்டம் வந்து ஆணையம் அமைத்த பிறகும் ஒழுங்குபடக் காலம் பிடித்தது.

இதைவிடப் பெரிய அடி கம்பியிலிருந்து வந்தது. 1926 நவம்பர் 15 அன்று நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலிலிருந்து என்.பி.சி. என்ற புதிய வலைப்பின்னல் கம்பெனி தன் தொடக்க நிகழ்ச்சியை இருபதுக்கும் மேற்பட்ட ஸ்டேஷன்களுக்குத் தொலைபேசிக் கம்பி வழியாக அனுப்பியது. சிகாகோவிலிருந்து ஒரு பாடகி, கான்சாஸிலிருந்து நகைச்சுவைக்காரர் வில் ராஜர்ஸ், எல்லாம் ஒரே நிகழ்ச்சியில். ஆயிரம் மைல் தள்ளிப் பாடுவதை உள்ளூர் ஸ்டேஷனே மங்காமல் கரகரக்காமல் கொடுக்கும்போது ராத்திரி ஒரு மணி வரை எதற்கு விழித்திருக்க வேண்டும்? டென்வர் வரை போய்ப் பிடித்தாலும் அங்கே ஓடுவது அதே நியூயார்க் நிகழ்ச்சி. 1927இல் சுவர் மின்சாரத்தில் ஓடும் பெட்டிகள் பெருகின, மூன்று டயல் போய் ஒற்றைத் திருகு வந்தது. பேட்டரியோடு சேர்ந்து நோட்டும் போனது.

காசு வந்த வழியும் மாறிவிட்டது. 1922 ஆகஸ்ட் 28 அன்று நியூயார்க்கின் டபிள்யூ.இ.ஏ.எஃப். ஒரு வீட்டுமனைக் கம்பெனியிடம் காசு வாங்கிக்கொண்டு அதன் அடுக்குமாடி வீடுகளைப் பற்றிப் பேச நேரம் கொடுத்தது. சில ஆண்டுகளில் விளம்பரமே ரேடியோவின் சோறு. நியூயார்க்கில் வீடு விற்பவனுக்கு ஐடஹோவிலிருந்து வரும் பாராட்டுக் கடிதத்தால் என்ன பயன்? அவனுக்கு வேண்டியது உள்ளூரில் தினமும் ஒரே நேரத்துக்கு வந்து உட்காரும் ஆள். டயலைத் திருகிக்கொண்டே இருக்கும் ஆளைக் கண்டுதான் அவன் பயந்தான். இப்படிப்பட்ட சூழலில் ஒரு ஸ்டேஷன் வாரம் ஓர் இரவு வாயை மூடிக்கொள்வது நேரடி நஷ்டம். அந்த அமைதி இரவுகள் 1920களின் இறுதிக்குள் மறைந்தன.

தபாலில் பொருள் விற்றவர்கள் மட்டும் கடைசி வரை தூரத்தை விடவில்லை. 1924இல் தொடங்கிய சிகாகோவின் டபிள்யூ.எல்.எஸ். ஸ்டேஷன் ஸியர்ஸ் நிறுவனத்துடையது. பட்டியல் பார்த்துத் தபாலில் வாங்கும் குடியானவர்தான் அதன் வாடிக்கையாளர். கான்சாஸின் மில்ஃபோர்ட் கிராமத்தில் ஆட்டின் விதைச் சுரப்பியைப் பொருத்தி ஆண்மை தருவதாகச் சொன்ன ஜான் பிரிங்க்லி, 1923இல் சொந்த ஸ்டேஷன் வைத்தே நோயாளிகளை வரவழைத்தார். அவருக்கும் மைல் கணக்கு முக்கியம்தான்.

அதே காலத்து மெட்ராஸை ஒரு பார்வை பார்க்கலாம். 1924 ஜூலை 31 அன்று, சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. ஒலிபரப்பியின் சக்தி வெறும் 40 வாட், பிறகு 200. காசில்லாமல் 1927இல் நின்றது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனியின் ஸ்டேஷன்கள் அந்த ஆண்டுதான் தொடங்கின. கிளப்பின் கருவிகளை எடுத்துக்கொண்டு மாநகராட்சி 1930 ஏப்ரலில் மாலை ஒலிபரப்பைத் தொடர்ந்தபோது, மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டியது. பெட்டி வாங்க முடியாத ஊரில் அதுதான் நியாயமான வழி. இங்கே மாலை ரேடியோ என்றால் கடற்கரை மணலில் கூட்டத்தோடு உட்கார்ந்து சங்கீதம் கேட்பது. திருக டயலும் இல்லை, எழுத நோட்டும் இல்லை. மெட்ராஸில் செலவு செய்தது மாநகராட்சி, கேட்டது கடற்கரைக்கு வந்தவர்கள். இங்கே தூரத்துக்கு என்ன விலை இருக்க முடியும்?

அமெரிக்காவிலும் தூரம் எல்லாருக்கும் விளையாட்டாக இருக்கவில்லை. பக்கத்தில் ஸ்டேஷனே இல்லாத பண்ணை வீடுகளுக்கு எந்த ஸ்டேஷனும் தூரத்து ஸ்டேஷன்தான். 1930இல்கூட அங்கே பத்துப் பண்ணைகளில் ஒன்றுக்குத்தான் மின்சாரம். பேட்டரிப் பெட்டியும் மேஜைக்குக் கீழே அமிலமும் அந்த வீடுகளில் இன்னும் பல ஆண்டு இருந்தன. 1928 நவம்பர் 11 அன்று நடப்புக்கு வந்த புதிய பங்கீட்டில் ஆணையம் 40 அலைவரிசைகளை இரவில் வேறு யாரும் குறுக்கே வராதபடி பெரிய ஸ்டேஷன்களுக்கு ஒதுக்கியது அவர்களைச் சொல்லித்தான். லாபம் அடைந்தவர்களில் முக்கால்வாசி பெரிய நகரத்து ஸ்டேஷன்களும் அவற்றை இணைத்த வலைப்பின்னல் கம்பெனிகளும் என்று அப்போதே சிறிய ஸ்டேஷன்கள் குமுறின. குமுறலில் நியாயம் இருந்தது. ஆனாலும் பண்ணை வீட்டில் ராத்திரி எட்டு மணிக்கு ஐந்நூறு மைல் தள்ளியிருந்த ஸ்டேஷன் விசிலோ குறுக்கீடோ இல்லாமல் கேட்கத் தொடங்கியது, மறுநாள் சந்தை விலை உள்பட.